நம்பிய விமானமும் நம்பாத விமானமும்

நடுவானில் ஆட்டோபைலட் விலகிக்கொண்ட கதைகளில் குவாண்டாஸ் 72ஐயும் ஏர் பிரான்ஸ் 447ஐயும் எதிரெதிரே நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. முதலாவதில் இயந்திரம் தவறியது, விமானி காப்பாற்றினார். இரண்டாவதில் இயந்திரம் ஒதுங்கிக்கொண்டது, விமானிகள் தவறினார்கள். தீர்ப்பு கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கையையும் பிரெஞ்சு விசாரணை அறிக்கையையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு அந்தக் கச்சிதமே சந்தேகத்தைக் கிளப்பும்.

புற ஒற்றுமைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். இரண்டும் ஏர்பஸ் ஏ330. முதலாவது 2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்கு 37,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸுக்கு 35,000 அடியில். இரண்டிலும் மூன்று விமானிகள். ஆட்டோபைலட் துண்டித்துக்கொண்ட நொடியில் இரண்டிலுமே ஒருவர் ஓய்வுக்காக வெளியே போயிருந்தார். குவாண்டாஸில் அவர் துணை விமானி, ஏர் பிரான்ஸில் தலைமை விமானி. இந்த வேறுபாட்டுக்குப் பலர் பெரிய எடை கொடுக்கிறார்கள். எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. பிரெஞ்சுத் தலைமை விமானி ஒன்றரை நிமிடத்தில் திரும்பி வந்தார், வந்தும் நிலைமை அவருக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்றும் இரண்டுக்கும் பொது. பழுதானது ஆட்டோபைலட் அன்று. அது தனக்கு வந்த தகவலில் ஏதோ கோளாறு என்று கண்டு விலகிக்கொண்டது. குவாண்டாஸில் காற்றுத் தரவுகளைக் கணக்கிட்டுத் தரும் மூன்று பெட்டிகளில் ஒன்று அபத்தமான எண்களை உமிழத் தொடங்கியது. ஏர் பிரான்ஸில் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. அந்த அடைப்பு ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் நீடித்தது.

இதற்குப் பிறகு வழிகள் பிரிகின்றன. குவாண்டாஸின் தலைமை விமானி கெவின் சல்லிவனின் காதில், விமானம் மிதமிஞ்சிய வேகத்தில் போகிறது என்ற எச்சரிக்கையும், வேகம் குன்றி இறக்கை தூக்குவிசையை இழக்கிறது என்ற ‘ஸ்டால்’ எச்சரிக்கையும் சேர்ந்தே விழுந்தன. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. இரண்டு நிமிடம் கழித்து, யாரும் கேட்காமலே விமானம் மூக்கைக் கீழே குத்தியது. பெல்ட் அணியாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் ஒரு குத்து. 110 பயணிகளும் 9 ஊழியர்களும் காயமடைந்தனர். ஏறக்குறைய 50 நிமிடத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் லியர்மந்த் தளத்தில் சல்லிவன் கையால் ஓட்டி இறக்கினார். அட்லாண்டிக்கின் மேல் நடந்தது வேறு. அங்கே கணினி எதையும் தானாகச் செய்யவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னுக்கு இழுத்தார். விமானம் 38,000 அடிவரை ஏறி, வேகம் இழந்து, விழத் தொடங்கியது. ஆட்டோபைலட் விலகியதிலிருந்து கடலைத் தொட்டதுவரை நான்கரை நிமிடம்கூட ஆகவில்லை. 228 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

வியப்பு இந்தப் பிரிவுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு கதைகளும் ஒரே அளவையைச் சுற்றியே சுழல்கின்றன: காற்று இறக்கையைச் சந்திக்கும் கோணம். பயணிகள் விமானத்தில் அது வழக்கமாகச் சில டிகிரிதான். குவாண்டாஸின் பழுதான பெட்டி அதை 50 டிகிரிக்கு மேல் என்று சொன்னது. முழுப் பொய். அப்படி ஓர் எண் திடீரென்று தாவி வந்தால் 1.2 நொடி அதைப் பொருட்படுத்தாதே என்றுதான் கணினிக்குக் கட்டளை. ஆனால் அந்த 1.2 நொடி முடியும் கணத்தில் இன்னொரு தாவல் வந்து நின்றால் என்ன செய்வது என்று வடிவமைத்தவர்கள் எண்ணியிருக்கவில்லை. வந்து நின்றது, கணினி நம்பியது, இல்லாத ஸ்டாலிலிருந்து விமானத்தை மீட்க மூக்கைக் கீழே தள்ளியது. ஏர் பிரான்ஸிலோ, விழும்போது கோணம் 35 டிகிரிக்குக் குறையவே இல்லை, 40ஐயும் தாண்டியது. முழு உண்மை. ஆனால் அளந்த வேகம் 60 நாட் (knot) அளவுக்குக் கீழே போனதும், இவ்வளவு குறைந்த வேகத்தில் கோண அளவை நம்பத்தக்கதாக இருக்காது என்று கணினி அதைத் தள்ளிவிட்டது. எச்சரிக்கை ஒலி நின்றது. விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்தியபோது வேகம் கூடியது, ஒலி திரும்ப வந்தது. சரியானதைச் செய்தவருக்குத் தவறு செய்வதாகக் கேட்டது. ஒரு விமானம் நடக்க முடியாததை நம்பியது. மற்றது நடந்துகொண்டிருந்ததை நம்ப மறுத்தது. இரண்டையும் எழுதியது ஒரே எச்சரிக்கை உணர்வுதான்.

அப்படியானால் விமானிகளை எது பிரித்தது? திறமை என்பார்கள். சல்லிவன் அமெரிக்கக் கடற்படைப் போர்விமானம் ஓட்டியவர். அது உதவாமல் இருந்திருக்காது. ஆனால் அவருக்கு வேறொரு சாதகமும் இருந்தது. விமானம் செய்வதைத் தான் செய்யவில்லை என்று அவருக்குத் திட்டவட்டமாகத் தெரியும். பிடியை இழுத்தார், முதலில் விமானம் கேட்கவில்லை. சந்தேகிக்க வேண்டியது எதை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. வெளியே நண்பகல், தெளிந்த அடிவானம். அட்லாண்டிக்கில் நள்ளிரவு, மேகம். அங்கே விமானம் கையின் சொல்லைக் கேட்டது, கேட்டதால்தான் விழுந்தது. தன் கையே காரணம் என்று ஓட்டியவருக்குத் தெரியவில்லை. ஏர்பஸ்ஸில் ஒருவரின் பிடி அசைந்தால் மற்றவரின் பிடி அசையாது என்பதால், பக்கத்தில் இருந்தவருக்கும் புலப்படவில்லை. ஸ்டால் எச்சரிக்கை ஒரு கட்டத்தில் 54 நொடி விடாமல் ஒலித்தும், அதைப் பற்றி அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதைச் சொல்வது அவர்களுக்கு விலக்கு அளிப்பதற்காக அல்ல. இதேபோல் வேகக் காட்டி பொய்த்த வேறு விமானங்களைக் குழுவினர் பத்திரமாகக் கொண்டுசேர்த்திருக்கிறார்கள்.

விசாரணைகளிலும் தராசு எதிர்பாராத பக்கம் சாய்கிறது. ஏர் பிரான்ஸின் பதிவுப் பெட்டிகள் ஏறக்குறைய 3,900 மீட்டர் ஆழத்தில் இரண்டு ஆண்டு கிடந்து, 2011இல் மேலே வந்தன. அந்த நான்கு நிமிடங்களை இன்று நொடிவாரியாகச் சொல்ல முடிகிறது. குவாண்டாஸில் விமானம் முழுசாக வந்து சேர்ந்தது, விமானிகள் மூவரும் சாட்சி சொன்னார்கள், பழுதான பெட்டியையும் ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தார்கள். கணினியின் கணக்கு முறையை ஏர்பஸ் திருத்திவிட்டது. ஆனால் அந்தப் பெட்டி அன்று ஏன் பொய் சொல்லத் தொடங்கியது என்பதை மட்டும் 2011 டிசம்பரில் வெளியான இறுதி அறிக்கையால் சொல்ல முடியவில்லை.