முடிவு முந்தி, சோதனை பிந்தி: தமிழக நடுநிலை வகுப்புகளில் அறிவியல் முறை, 1966–2022

ஆகஸ்ட் 18-ஐ ஒட்டிய நாள்களில் தாம்பரம் வட்டாரத்து இரும்புலியூரில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். மேகம் இல்லாவிட்டால் பள்ளி மைதானத்தில் அரை மீட்டர் குச்சி ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டுப் பார்க்கலாம். பகல் 12 மணிக்கு நிழல் மறைந்துவிடும் என்று பிள்ளைகள் காத்திருப்பார்கள். மறையாது. குச்சிக்கு மேற்கே ஏறக்குறைய 3 செ.மீ. நிழல் கிடக்கும். அது சுருங்கிச் சுருங்கி அடியில் ஒடுங்கும்போது கடிகாரம் 12 மணி 13 நிமிடம் காட்டும்.

இந்த 13 நிமிடத்தை வகுப்பு என்ன செய்கிறது? “கடிகாரம் தப்பு, 12 என்றே எழுது” என்று ஆசிரியர் சொன்னால் அறிவியல் பாடம் நடந்துவிட்டது, அறிவியல் நடக்கவில்லை. ஏன் 13 என்று வகுப்பு கேட்கத் தொடங்கினால் நிலைமை வேறு. ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் இந்த இரண்டாவது வழிக்கு அரை நூற்றாண்டில் எவ்வளவு இடம் கிடைத்தது என்பதை இக்கட்டுரை தேடுகிறது.

‘அறிவியல் முறை’ என்று ஆசிரியர் பயிற்சிப் பாடத்தில் நாம் படிக்கும் படிநிலைகளின் பிறப்பே கொஞ்சம் வேடிக்கையானது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1910-இல் வெளியிட்ட ‘நாம் எவ்வாறு சிந்திக்கிறோம்’ என்ற நூலில் சிந்தனையின் போக்கை ஐந்து கட்டமாக விவரித்தார். மனிதர் ஒரு சிக்கலை எப்படி எதிர்கொள்கிறார் என்பதன் விவரிப்பு அது. பாடநூல் எழுதியவர்கள் கையில் அது சமையல் குறிப்பாயிற்று: சிக்கல், கருதுகோள், சோதனை, முடிவு. அவருக்கு முன்பே இங்கிலாந்தில் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வேதியியலார், மாணவர் தாமே கண்டறிய வேண்டும் என்ற முறைக்காக வாதாடினார். இருவர் பெயரும் நம் பயிற்சிக் கல்லூரித் தேர்வுகளில் நிலைபெற்றன. வகுப்பறையிலோ நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, அறிவன என்ற தலைப்புகளே நிலைபெற்றன. ‘அறிவன’ கரும்பலகையில் இருக்கும், ‘காண்பன’ அதற்கு ஏற்ப எழுதப்படும்.

1964–66 கோத்தாரி ஆணையம், முதல் பத்தாண்டுப் பள்ளிக் கல்வியில் அறிவியலும் கணிதமும் எல்லோருக்கும் கட்டாயம் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகு யுனிசெஃப் உதவியோடு சோதனைப் பெட்டிகள் நாட்டின் பள்ளிகளுக்கு வரத் தொடங்கின. பெட்டி வந்த கையோடு இருப்புப் பதிவேடும் வந்தது. சோதனைக்குழாய் உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். ஆகவே சாவி தலைமை ஆசிரியர் மேசையிலும் பொருள்கள் பீரோவிலும் பத்திரமாக இருந்தன. இதைச் சோம்பல் என்று பழிப்பது எளிது. உடைக்க உரிமை தராமல் சோதனை செய்யச் சொன்ன நிர்வாகத்தின் பிழை என்றே நான் கொள்கிறேன்.

இந்த முடிச்சை அவிழ்த்த முயற்சி மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. 1972-இல் ஹோசங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப்பள்ளிகளில் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் ஆகிய அமைப்புகள் ஒரு திட்டத்தைத் தொடங்கின. 1978-இல் மாவட்டம் முழுவதும் பரவிய அதை, 1982-இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் பின்னர் ஏற்று நடத்தியது. பாடநூலுக்குப் பதில் பயிற்சிநூல். அதில் கேள்வி இருந்தது, விடை இல்லை. நான்கு பிள்ளைகள் சேர்ந்து செய்து, கண்டதை எழுதி, வகுப்பில் வாதாடி விடைக்கு வர வேண்டும். உடைந்த பொருளுக்கு மாற்றுத் தரும் ஏற்பாடு இருந்தது. எல்லாவற்றையும்விட முக்கியமானது தேர்வு: எட்டாம் வகுப்பில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், கூடவே செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு வேலை இல்லாமல் போனது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான முயற்சி பள்ளிக்கு வெளியே வளர்ந்தது. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் ‘துளிர்’ இதழை நடத்தியது. 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நாடெங்கும் நடந்தபோது தமிழகத்தில் அதை ஒருங்கிணைத்ததும் இவ்வியக்கம்தான். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தம் ஊரிலேயே ஒரு சிக்கலைத் தேர்ந்து, அளந்து, தாய்மொழியில் அறிக்கை தர வேண்டும். மாதிரி செய்து காட்டும் கண்காட்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. தெர்மோகோல் எரிமலை யார் ஊற்றினாலும் பொங்கும். ஏரி நீரைப் பத்து வாரம் சோதிக்கும் பிள்ளைக்கு என்ன வரும் என்று வழிகாட்டி ஆசிரியருக்கும் தெரியாது. ஆனால் பள்ளிக்கு ஒன்றோ இரண்டோ குழுதான். மற்றவர்களுக்கு வகுப்பில் பழைய பதிவேடே.

வகுப்பறைக்குள் வந்த பெரிய மாற்றம் 2007-ஐ ஒட்டி நடுநிலை வகுப்புகளில் பரவிய படைப்பாற்றல் கல்வி. தொடக்க வகுப்புகளின் செயல்வழிக் கற்றலைப் பின்தொடர்ந்து வந்தது அது. பாடத்தைப் படித்து, முக்கியச் சொற்களை அடிக்கோடிட்டு, மனவரைபடம் வரைந்து, குழுவில் பேசித் தொகுப்பது அதன் நடைமுறை. வகுப்பின் பேச்சுரிமை ஆசிரியரிடமிருந்து பிள்ளைகளுக்கு மாறியது சாதாரண வெற்றி அல்ல. ஆனாலும் அது நூலை வாசிக்கும் முறை. ஒளிச்சேர்க்கைக்கும் சோழர் ஆட்சிக்கும் ஒரே படிகள். இலையைப் பற்றிய பத்தியை வரைபடமாக்கிய பிள்ளைக்கு இலையைப் பார்க்கும் வேலை வரவில்லை.

2012–13-இல் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறித் தேர்வுக்கு 60. அந்த நாற்பதில் பாதி செயல்பாட்டுக்கு. மதிப்பெண் வந்ததும் பள்ளிக்குப் பக்கத்து ஸ்டேஷனரி கடைகள் விழித்துக்கொண்டன. ‘புராஜெக்ட்’ என்றால் அட்டையில் ஒட்டிய படம் என்று பெற்றோர் புரிந்துகொண்டார்கள்.

2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம் கடைசி அடுக்கு. 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு, சுமார் 710 கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று எளிய பொருள்களால் சோதனை செய்ய வைக்கும் திட்டம். ஒரு கருத்தாளருக்கு ஏறக்குறைய 18 பள்ளிகள். அவர் போன பிறகு வகுப்பு என்ன செய்கிறது என்பதில்தான் இதன் பலன் இருக்கிறது.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது: தமிழகம் பாடநூலை மாற்றியது, கற்பிக்கும் முறையை மாற்றியது, எழுத்துத் தேர்வின் வினாத்தாளை மாற்றவில்லை. ஹோசங்காபாத்திலிருந்து நாம் எடுக்காமல் விட்டது அதைத்தான்.

13 நிமிடத்துக்குத் திரும்புவோம். இந்தியத் திட்ட நேரம் கிழக்கு 82.5 பாகை தீர்க்கக்கோட்டைக் கொண்டது. தாம்பரம் வட்டாரம் ஏறக்குறைய 80.1-இல் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று சமூக அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே படித்ததுதான். கணக்குப் போட்டால் ஒன்பதரை நிமிடம் வரும். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகம் கணித்த மதராஸ் நேரம், இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பிந்தியே ஓடியது. 1906-இல் திட்ட நேரம் வந்த பிறகு நாம் மறந்துபோன இடைவெளி அது. மீதி நான்கு நிமிடம் பூமி சூரியனைச் சுற்றும் நீள்வட்டப் பாதையாலும் அதன் அச்சுச் சாய்வாலும் வருவது. அது எட்டாம் வகுப்புக்குச் சற்றுக் கடினம். ஆனால் ஏப்ரல் 24-ஐ ஒட்டி இதே குச்சியை நட்டால் நிழல் 12 மணி 8 நிமிட அளவில் மறையும். இரண்டு தேதிக்கும் ஏன் ஒரே நேரம் இல்லை என்று ஒரு பிள்ளை கேட்டால், ஆசிரியர் “தெரியவில்லை, பார்ப்போம்” என்று சொல்லலாம்.

செலவு ஒரு குச்சி, ஒரு கடிகாரம். வரும் ஆகஸ்டில் இதைச் செய்யப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: பதிவேட்டில் பிள்ளைகள் எழுதும் 12:13-ஐச் சிவப்பு மையால் திருத்திவிடாதீர்கள்.