பக்கத்தில் நிற்பவர்

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒருவன் ஏறுமாறாகப் பேசினால், "குணசீலத்துக்கு டிக்கெட் வாங்கட்டுமா?" என்று கேலி செய்வார்கள். திருச்சிக்கு மேற்கே காவிரியின் வடகரையில் இருக்கிறது குணசீலம். சித்தம் கலங்கியவர்களை அங்கே பெருமாள் கோயிலில் 48 நாள் தங்க வைப்பதும், பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பதும் வழக்கம்.

சிறு வயதில், எதிர் வீட்டு மாமாவை அங்கே அழைத்துப் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். இன்று நினைவில் நிற்பது தீர்த்தமல்ல. துணைக்கு வந்த பண்ணையாள். எழுத்துவாசனை இல்லாதவர். மாமா கத்தினால் அவர் கத்த மாட்டார்; அதட்டவும் மாட்டார். நேர் எதிரே நிற்காமல் சற்று ஒதுங்கி நின்று, "சரிங்கய்யா, அப்புறம்?" என்பார். அவர் கையால் கொடுத்தால்தான் மாமா சாப்பிட்டார்.

இந்த வித்தையைப் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லித்தர உலகத்துக்கு வெகுகாலம் பிடித்தது. சென்னையில் 1794-லேயே சித்தப்பிரமை கொண்டவர்களுக்கு ஒரு விடுதி ஏற்பட்டுவிட்டது. 1871-ல் கீழ்ப்பாக்கத்துக் காப்பகம் வந்தது. டாக்டர் வந்து போகிறவர். இரவும் பகலும் கூட இருக்கிறவர் வார்டர். சிறைச்சாலையிலும் அதே பெயர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். சாவிக்கொத்தைப் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ!

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பணியாளருக்கென்று 1885-ல் ஒரு கைப்புத்தகம் வெளிவந்தது; 1891-ல் பரீட்சையும் வைத்தார்கள். நம் சென்னை அரசாங்கம் 1943-ல்தான் விழித்துக்கொண்டது. ஆண் நர்ஸ் மாணவர்களுக்குப் பிரசவம் பார்க்கும் பாடம் எதற்கு? அதற்குப் பதிலாக மூன்று மாதம் மனநோய் ஆஸ்பத்திரியில் பயிற்சி! காலியிடத்தை நிரப்ப வந்த படிப்புதான், ஆனாலும் படிப்பு. 1956-ல் பெங்களூர் அகில இந்திய மனநல ஸ்தாபனத்தில் நர்ஸுகளுக்கு ஒரு வருஷப் படிப்பு ஆரம்பமாயிற்று. சென்னையின் மூன்று மாதப் பயிற்சி 1964-ல் நின்றது.

படித்தவர்கள் எத்தனை பேர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டுண்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-ம் வருஷத்துச் சட்டம் திட்டமாகச் சொல்கிறது.

மாமாவை யாரும் கட்டவில்லை. 48 நாளும் பண்ணையாள் பிராகாரத்தில் அவர் பக்கத்திலேயே படுத்திருந்தார். ஊர் திரும்பியதும் மாமி அவருக்கு இரண்டு மூட்டை நெல்லும் ஒரு வேஷ்டியும் கொடுத்தாள். மறுநாள் அவர் நடவுக்குப் போய்விட்டார்.