தேயிலைப் பெட்டியும் ஒலிபெருக்கியும்: மலையக ஒலிவரலாறு பற்றிய ஒரு குறிப்பு

வானொலி பற்றிய ஆய்வுகள் ஒலிபரப்பு நிலையத்தையே பெரிதும் மையமாகக் கொள்கின்றன. கேட்போர் வாழ்ந்த அறையையும் அவர்தம் கைக்கெட்டிய பொருள்களையும் நாம் நோக்குவது அரிது. மலையகத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் விலக்கி ஒலியின் வரலாற்றை எழுதுதல் இயலாது.

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் ஒலி முதலில் ஆட்சிக் கருவியாகவே அமைந்தது. விடியலில் தப்பு முழங்கிப் பிரட்டுக்கு அழைத்தது. அதே தப்பு காமன் கூத்திலும் இறுதி ஊர்வலத்திலும் மக்களுடையதாயிற்று. கொழும்பில் 1925இல் தொடங்கிய ஒலிபரப்பு, பற்றரி வானொலிகள் பரவிய பின்னரே லயங்களை எட்டியது. 10 அடிக்கு 12 அடியாக வரிசையில் அமைந்த அவ்வறைகளில் ஒரு வீட்டு வானொலி பல வீடுகளுக்குப் பொதுவாயிற்று. இதனைக் கூட்டுணர்வு என்று மட்டும் புகழ்வது, குடும்பத்துக்கெனத் தனிச்சுவரைக்கூட அளிக்காத மூலதனத்தை மறப்பதாகும்.

ஒலிபெருக்கிக் கூம்பின் பின்புற ஒலி முன்புற ஒலியோடு கலந்து தாழ்ந்த சுரங்களை அழித்துவிடும். பெட்டி அதனைத் தடுக்கிறது. தோட்டத்தில் அன்று எளிதிற் கிடைத்த பெட்டி தேயிலைப் பெட்டியே. எஸ்தோனியாவின் தாலின் நகர லூதர் ஆலையிலிருந்து ‘வெனெஸ்டா’ என்ற பெயரில் வந்த ஒட்டுப்பலகைப் பெட்டிகளும், பின்னர் ஜின்தோட்டை அரசாங்க ஆலையின் பலகைகளும் இதன் வரலாற்றில் இடம்பெறுவன. கப்பற் கட்டணம் குறைவதற்காகவே அப்பலகை மெல்லியதாயிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மெல்லிய பலகை தானே பாடும். 1950களில் பிரித்தானிய இளைஞர்கள் வெற்றுத் தேயிலைப் பெட்டியில் துடைப்பக் கம்பையும் ஒரு நாணையும் பொருத்தி, ஸ்கிபிள் இசைக்குத் தாழ்சுர வாத்தியமாக்கியது இப்பண்பினாலேயே. வாத்தியத்துக்கு அது குணம். ஒலிபெருக்கிப் பெட்டிக்கோ குறை. ஈரம் புகாதிருக்க உள்ளே ஒட்டிய ஈயத்தாளோ அலுமினியத்தாளோ ஒலியை உறிஞ்சாது. தளர்ந்தால் இரையவும் செய்யும்.

எனவே இரு வேலைகள் உள. பலகையின் அதிர்வைக் குறுக்குச் சட்டங்களாலும் கனத்த நமுதாவாலும் அடக்க வேண்டும். பெட்டிக்குள்ளிருக்கும் காற்றின் அதிர்வு வேறு. 24 அங்குல உயரமான பெட்டியில் விநாடிக்கு ஏறத்தாழ 280 அதிர்வுகளில் நின்ற அலை எழும். மனிதக் குரல் மங்குவது இதனாலாகலாம். காற்று மிகுதியாக அசையும் இடம் பெட்டியின் நடுவாகையால், சுவரில் ஒட்டிய மெல்லிய துணி அங்கே பெரும்பயன் தராது. நடுவில் தளர்வாக நிரப்பிய நார், காற்றின் அசைவை உராய்வினால் வெப்பமாக்கும். 1954இல் அமெரிக்கரான எட்கார் வில்ச்சர் மூடிய பெட்டியில் கண்ணாடி இழையை நிரப்பினார். தாழ்சுரத்தில் அழுந்தும் காற்று நாருடன் வெப்பத்தைப் பகிர்வதால், பெட்டி சற்றுப் பெரிதானது போல் இயங்கும். (இறுகத் திணித்தால் இன்னும் நன்றென்போர் இன்றும் உளர், அது கூம்பின் இயக்கத்தையே நெரிக்கும்.)

கண்ணாடி இழையை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஆட்டு உரோமம் இதற்கு மிகப் பொருத்தமானது. மலைப் பனியின் ஈரத்தில் பருத்திப் பஞ்சு கட்டிபட்டு அடியிற் படிந்துவிடும், உரோமமோ எளிதில் அவ்வாறாவதில்லை. உரோமம் லயத்துக்குப் புதிதன்று. தோட்டங்கள் வழங்கிய கம்பளியின் விலை தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதப்பட்டு, கூலியிற் கழிக்கப்பட்டது.

ஒன்றை மட்டும் வேறுபடுத்தல் வேண்டும். பெட்டிக்குள் இடும் நார் பெட்டியின் ஒலியைத் திருத்துமேயன்றி, அயல் அறைக்குச் செல்லும் ஒலியைத் தடுக்காது. அதற்குக் கனமும் இடைவெளியும் கொண்ட சுவர்கள் தேவை. லயத்தைத் திட்டமிட்டோர் அச்செலவை ஏற்கவில்லை.