நிற வளையமும் வரலாறும்

பறவைகள் பற்றிய அறிவு நெடுங்காலம் துப்பாக்கியின் துணையோடு வளர்ந்தது. சுட்டு வீழ்த்திய உடலின் இறகையும் அலகையும் அளந்து இனங்களை வகுப்பதே அறிஞர்தம் பெரும்பணியாக இருந்தது. உயிருள்ள பறவையின் பாட்டும் இரை தேடும் முறையும் சான்றுகளாக மதிக்கப்பட்டமை எவ்வாறு என்பதை ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

இங்கிலாந்தின் செல்போண் கிராமத்து மதகுருவான கில்பேட் வைற், தோற்றத்தால் ஒன்றெனவே மயங்கத்தக்க சிறுபறவைகள் மூன்று வேறு இனத்தன என்பதை அவற்றின் குரலைத் துணைக்கொண்டு 1768ஆம் ஆண்டளவில் தெளிந்தார். 1789இல் வெளிவந்த அவரது நூலால் செவியும் ஓர் ஆய்வுக்கருவி என்பது புலனாயிற்று. ஆண்பறவை தன் வாழிடத்துக்கு உரிமை கோரவும் பாடுகின்றது என்பதை எலியற் ஹவார்ட் 1920இல் விரித்துரைத்தார். எனினும், இன்ன பறவை இன்ன நாளில் என்ன செய்தது என்று தொடர்ந்து கூற இவர்களின் முறை போதியதாக இருக்கவில்லை.

அக்குறையை நீக்கியவர்களுள் தலையாயவர் அமெரிக்கரான மார்கிரட் மோர்ஸ் நைஸ் அம்மையார். 1928 முதல் 1936 வரை ஒகாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், தம் வீட்டருகே ஆற்றங்கரைப் புதர்நிலத்தில் வாழ்ந்த பாட்டுச் சிட்டுகளின் கால்களில் நிற வளையங்கள் இட்டு, அவற்றைத் தனித்தனியே இனங்கண்டு அவதானித்தார். துணை கிடைத்ததும் ஆணின் பாட்டு வெகுவாகக் குறைவதையும், அடைகாக்கும் பணி பெண்ணுக்கே உரியதாயிருப்பதையும், குஞ்சுகளுக்கு இரையூட்டுவதில் இரண்டும் பங்குகொள்வதையும் அவரது ஏடுகள் காட்டின. '4எம்' எனக் குறிக்கப்பட்ட ஆண்சிட்டு, 1935ஆம் ஆண்டின் மே மாத நாளொன்றில் 2,305 தடவை பாடியதை விடியல் முதல் அந்திவரை அவர் எண்ணிப் பதிந்தார்.

அவர் பல்கலைக்கழகப் பதவி எதனையும் வகித்தவரல்லர். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே இப்பணியைச் செய்தார். தம்மை வெறும் இல்லத்தரசியாகக் கருதியோருக்கு, தாம் பயிற்சிபெற்ற விலங்கியலாளர் என்றே மறுமொழி கூறினார். அவரது ஆய்வு முதலில் 1933, 1934ஆம் ஆண்டுகளில் ஜேர்மன் மொழியிலும், பின்னர் 1937, 1943ஆம் ஆண்டுகளில் ஆங்கிலத்தில் இரு பகுதிகளாகவும் வெளிவந்தது. அந்நிலத்துப் புதர்கள் வெட்டப்பட்டபோது சிட்டுகளின் தொகை அருகியது. அவ்வழிவையும் அவ்வேடுகளே நமக்கு உரைக்கின்றன.

வரலாறு பயிலும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மக்களைத் தொகையாக மாத்திரம் எண்ணும் வரலாறு, சுட்ட பறவையை அளந்தவர்களின் அறிவை ஒத்ததாகும். அது பொய்யன்று, ஆயின் குறையுடையது. ஓர் உயிரைப் பெயரிட்டு, அதன் நாட்களை ஆண்டுக்கணக்கிற் பொறுமையோடு பின்தொடரும்போதே, காரணகாரியத் தொடர்பு தெளிவுறுகின்றது. குடிமதிப்பீட்டு அட்டவணைகளோடு நின்றுவிடாது, ஒரு கிராமத்தின், ஒரு குடும்பத்தின் வாழ்வையும் நாள்வழியே பதிந்து வைப்பது நம் கடமையாகும். புதர் வெட்டப்பட்ட பின்னர் எண்ணத் தொடங்குவோருக்கு, அங்கு எக்குரல்கள் ஒலித்தன என்பது ஒருபோதும் தெரியவராது.