நெல்லிக்குப்பத்தைக் கடந்த கரிவண்டிகள்

விழுப்புரத்திலிருந்து கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், மாயவரம் வழியாகத் தஞ்சைக்குச் செல்லும் இருப்புப்பாதையை நம் முன்னோர் ‘மெயின் லைன்’ என்றே வழங்கினர். தென்னிந்திய இரயில்வேக் கம்பெனி 1870களில் அமைத்த மீட்டர் பாதை அது. நெல்லிக்குப்பம் அதில் ஒரு சிறு நிலையம். சென்னையிலிருந்து நாகூர்க் கந்தூரிக்குச் சென்றோரும் பரங்கிப்பேட்டைக்குச் சம்பந்தம் பேசச் சென்றோரும் இவ்வூரைக் கடந்தே சென்றனர். வெள்ளுடையோடு ஏறியவர் கரிப்பொட்டுகளோடு இறங்கிய காலம் அது!

அந்தக் கரி எங்கிருந்து வந்தது? சிங்கரேணியிலிருந்தும், அதனினும் தொலைவான வங்காள, பீகார்ச் சுரங்கங்களிலிருந்தும் வந்தது. இவ்வூர்ச் சர்க்கரை ஆலை தன் கரும்புச் சக்கையையே எரித்து நீராவி எழுப்பியது. இரயிலுக்கோ அந்த வசதி இல்லை.

இத்தனைக்கும், தென்மேற்கே நெய்வேலியில் நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி கிடந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட செல்வம் அது. 1956இல் நிறுவனம் தோன்றியது. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அதை அள்ளி இஞ்சினில் போட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமே. முதலில் அந்த ஈரத்தை உலர்த்தவே வெப்பம் செலவாகிவிடும்; நல்ல கரியின் இடத்தில் இதை மிகுதியாக அள்ளிப்போட வேண்டும். காய்ந்தால் குவியலாகக் கிடக்கும்போதே தானாகத் தீப்பற்றும். ஓடும் இஞ்சினின் சிறிய அடுப்புக்கு இது ஒவ்வாது. சுரங்கத்தின் அருகிலேயே எரித்து மின்சாரமாக்குவதே முறை. அவ்வாறே 1962இல் அங்கு மின் உற்பத்தி தொடங்கிற்று.

1960களின் நடுவில் தாம்பரம் முதல் விழுப்புரம் வரை மின்சார இரயில் வந்தது. ஆனால் விழுப்புரத்தில் மின் இஞ்சின் கழற்றப்பட, தெற்கே செல்லும் வண்டிகளை நீராவியே இழுத்தது. சுரங்கத்துக்கு அண்மையிலிருந்த நெல்லிக்குப்பம் தொலைதூரக் கரியின் புகையையே சுவாசித்தது.

பின்னர் டீசல் வந்தது. வாரணாசித் தொழிற்சாலை 1968 முதல் மீட்டர் பாதைக்கான டீசல் இஞ்சின்களைச் செய்தது. சித்தரஞ்சன் 1972இல் நீராவி இஞ்சின் தயாரிப்பையே நிறுத்திற்று. டீசலுக்கு வழியில் தண்ணீர் வேண்டாம்; புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்டவும் வேண்டாம். இலாபக் கணக்கில் ஐயமில்லை. ஆனால் மண்வெட்டியால் கரி தள்ளி, நெருப்பின் நிறம் பார்த்தே நீராவியின் நிலையை அறிந்த ஃபயர்மேனின் கைத்திறனுக்கு அந்தக் கணக்கேட்டில் இடமில்லாமற் போயிற்று. அதை எவரும் எழுதி வைக்காதது நமக்குக் குறையே.

1990களோடு நீராவி ஓய்ந்தது. 2010இல் மீட்டர் பாதை அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. அதன் பின் மின்கம்பிகளும் நெல்லிக்குப்பத்தைக் கடந்து தெற்கே சென்றன.