பிரேக்கில் ஏர் எடுக்கும் வேலையின் வரலாறு

ஹைட்ராலிக் பிரேக்கின் கதையைப் பலரும் பாஸ்கலிடமிருந்து தொடங்குகிறார்கள். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று அவர் எழுதிய நூல், அவர் மறைந்த மறு ஆண்டு, 1663-இல் வெளிவந்தது. காருக்கான திரவ பிரேக்குக்கு அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் காப்புரிமை பெற்றதோ 1917-இல். விதி கையில் இருந்தும் ஏன் இத்தனை காலம்? கார் பிறந்ததே தாமதம்தான் என்பது பாதி விடை. மீதிப் பாதி, திரவத்தை வெளியே கசியவிடாமலும் காற்றை உள்ளே தங்கவிடாமலும் பார்த்துக்கொள்வது எப்படி என்ற கேள்வியில் இருக்கிறது. ஜோசப் பிராமா 1795-இல் காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் அழுத்தியும் முதலில் தடுமாறியது கசிவில்தான். ஹென்றி மாட்ஸ்லே செய்ததாகச் சொல்லப்படும் தோல் வளையம்தான் அதைக் காப்பாற்றியது. கார் பிரேக்கை வெல்ல வைத்தவையும் அப்படிப்பட்ட சிறு பாகங்களே: கசிவைத் தடுக்கும் ரப்பர் கப்பும், காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளும். மெக்கானிக்குகள் ‘ஏர் எடுப்பது’ என்று சொல்லும் அந்த எளிய வேலை கைவராமல் இந்த பிரேக் சாலையில் நிலைத்திருக்காது.

முந்தைய பிரேக்குகள் கம்பியாலும் கேபிளாலும் இயங்கின. நான்கு சக்கரத்துக்கும் அவற்றைக் கொண்டுபோனபோது ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் பிடித்து, வண்டி ஒரு பக்கம் இழுத்தது. அடிக்கடி சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. திரவம் அந்தத் தொல்லையை ஒரேயடியாகத் தீர்த்தது. 1921-இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயை ஹைட்ராலிக் பிரேக் பூட்டிய டூசன்பெர்க் காரில் ஜிம்மி மர்ஃபி வென்றார். ஆனால் லாக்ஹீடின் அமைப்பில் இருந்த பதப்படுத்தாத தோல் கப்புகள் ஒழுகின. 1924-இல் வந்த கிரைஸ்லர் காருக்காக அதன் பொறியாளர்கள் ரப்பர் கப்புகளைப் போட்டார்கள். என் பார்வையில் இந்தக் கதையின் உண்மையான திருப்பம் அதுதான். ரப்பர் வந்ததும் திரவமும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். கனிம எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். அதனால் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவங்கள் நெடுங்காலம் ஓடின. இன்றும் பிரேக் ஆயில் தொட்டியில் தவறி என்ஜின் ஆயிலை ஊற்றினால் கப்புகள் போய்விடும்.

காற்று ஏன் இவ்வளவு பெரிய எதிரி? பெடலை முழுதாக மிதித்தாலும் அதோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் திரவம் மிகக் கொஞ்சம். சக்கரத்தில் பிஸ்டன் நகர்வதும் சிறிதளவே. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். ஆகவே ஒரு சின்னக் குமிழியே அந்தத் தள்ளலில் பெரும்பங்கை விழுங்கிவிடும். பெடல் பஞ்சாக அமுங்கும். அந்தக் காற்றை எடுக்க ஒரு ஸ்பேனர், ஒரு ரப்பர் குழாய், ஆயில் ஊற்றிய ஒரு பாட்டில், இரண்டு ஆள் போதும். ஒருவர் பெடலை மிதித்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, குமிழியோடு திரவம் வெளியேறியதும் மூடுகிறார். மூடிய பிறகே பெடலிலிருந்து கால் எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறும். தொட்டியில் ஆயில் வற்றவிட்டாலும் அதே கதைதான். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்குவது பழைய வழக்கம். குறுக்காகப் பிரித்த இணைப்புள்ள வண்டிகளில் அந்த வரிசை மாறலாம்; தயாரிப்பாளர் சொல்லும் வரிசையே சரி.

இவ்வளவு எளிதென்றால் ஃபோர்டு 1939 மாடல் வரும் வரை கம்பி பிரேக்கை விடாதது வெறும் பிடிவாதமா என்று கேட்கலாம். அப்படிச் சொல்வது அநியாயம். அன்றைய திரவ பிரேக்குகளில் பெரும்பாலும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே திரவச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிடிப்பு போய்விடும். இரட்டைச் சுற்றை அமெரிக்கா கட்டாயமாக்கியது 1968-இல்தான். எனவே ஃபோர்டின் அச்சம் நியாயமானது. ஆனாலும் கம்பி தோற்றதற்குக் காரணம் உண்டு: திரவ பிரேக்கின் பொதுவான கோளாறுகள் முன்கூட்டியே தெரியும். பெடல் அமுங்கும், தொட்டியில் மட்டம் இறங்கும், சக்கரத்தின் உட்புறம் ஈரம் கசியும். சாதாரணக் கை அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யவும் முடியும். 1962-இல் சென்னையில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது போன்ற முயற்சிகளால் பாகங்கள் உள்ளூரிலேயே கிடைத்ததும், அம்பாசிடர் காலத்து மெக்கானிக்குகளுக்கு இது பழகிப்போன வேலையாயிற்று.

உயிர் சம்பந்தப்பட்ட வேலையை வீட்டில் செய்யலாமா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். கிளைக்கால் வகைத் திரவம் ஈரத்தை உறிஞ்சுவதால் அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாமலும் வளரும்: டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்குகிறது. மலையிறக்கத்தில் கொதித்த திரவத்தின் ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் அதன் வால்வுகளுக்குள் சிக்கிய காற்றை எடுக்க ஸ்கேன் கருவி வேண்டும். அங்கே வீட்டு முயற்சி போதாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கருவி செய்வதும் உள்ளே அடைபட்ட குமிழிக்கு வழி திறப்பதைத்தான். குமிழி மேல்நோக்கியே போகும். அதனால்தான் நிப்பிள் வழக்கமாகச் சக்கரத்தில் பிஸ்டனைத் தாங்கும் காலிப்பரின் உச்சியில் இருக்கிறது. இடது, வலது காலிப்பர்களை மாற்றிப் பூட்டினால் நிப்பிள் அடிப்பக்கம் போய்விடும். அப்புறம் எந்தப் பட்டறையில் எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் அந்தக் காற்று வெளியே வராது.