எழுதுகோலும் அச்சுப்பொறியும்: பணி மாறும் காலத்திற்கு வரலாறு தரும் படிப்பினை



சென்ற மாதம் எங்கள் மஹல்லாவில் இஷாத் தொழுகைக்குப் பின் ஜமாஅத் நிர்வாகக் கூட்டம் நடைபெற்றது. நிக்காஹ் தஃப்தர்களையும் சந்தாக் கணக்குகளையும் கணினியில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. முடிவு நல்லதுதான். பழைய தஃப்தர்கள் சிலவற்றைக் கரையான் அரித்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து திருமணச் சான்று கேட்பவர்களுக்கு ஏடுகளைப் புரட்டித் தேடித் தருவதற்குள் நாள்கள் கழிந்துவிடுகின்றன. ஆனால், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தஃப்தரை எழுதிவரும் பெரியவரிடம் எவரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்த அவர், "இனிமேல் எனக்கு என்ன வேலை?" என்று கேட்டார். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "நீங்க ஓய்வு எடுங்க பாய்" என்றார். அன்போடுதான் சொன்னார். பெரியவர் அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து சென்றார்.

அந்தச் சபையில் நானும் வாய்மூடி இருந்தேன். வீடு திரும்பும் வழியில், மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் சொல்லித்தரும் ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. முஸ்லிம் உலகில் அச்சுப்பொறி நுழைந்த வரலாறு அது. கையால் எழுதிப் பிழைத்தவர்களின் நடுவே ஓர் இயந்திரம் வந்து நின்றபோது நம் முன்னோர் என்ன செய்தார்கள், எங்கே சிறந்தார்கள், எங்கே தவறினார்கள் என்பதை இன்று நாம் அறிந்துகொள்வது அவசியம்.

தடை என்னும் கதை

"உதுமானியர் ஆட்சியில் ஆலிம்கள் அச்சுக்குத் தடை விதித்தார்கள், அதனால்தான் முஸ்லிம்கள் பின்தங்கினார்கள்" என்று பலரும் எழுதுகிறார்கள். சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1485-லும், சுல்தான் முதலாம் ஸலீம் 1515-லும் அத்தகைய ஆணைகளைப் பிறப்பித்ததாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அவ்வாணைகளின் மூல ஆவணம் எதனையும் ஆய்வாளர்கள் கண்டெடுக்கவில்லை. மாறாக, சுல்தான் மூன்றாம் முராத் 1588-ல் வழங்கிய ஃபர்மான் ஒன்று கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவில் அச்சிடப்பட்ட அரபு நூல்களைத் தம் நாட்டில் விற்பதற்கு வணிகர்களுக்கு அனுமதி தரும் ஆணை அது. இஸ்தன்பூலில் ஆர்மீனியர்கள் 1567-லும் கிரேக்கர்கள் 1627-லும் தத்தம் மொழிகளில் அச்சிடத் தொடங்கினார்கள். யூதர்கள் அவர்களுக்கும் முன்பே தொடங்கியிருந்தார்கள்.

அப்படியாயின் முஸ்லிம்கள் தயங்கியது ஏன்? காரணங்கள் பல. எழுத்து அவர்களிடத்தில் பிழைப்பாக மட்டுமின்றி வணக்கமாகவும் கலையாகவும் இருந்தது. பிரதி எடுப்போர், தாள் மெருகிடுவோர், நூல் கட்டுவோர் எனப் பெருங்கூட்டம் அதனால் வாழ்ந்தது. பிழை குறித்த அச்சமும் இருந்தது. அந்த அச்சம் வீணானது அன்று. 1538-ஐ ஒட்டி வெனிஸ் நகரில் பகனீனி என்னும் அச்சகத்தார் திருக்குர்ஆனை அரபியில் அச்சிட்டார்கள். எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் புள்ளிகளில்கூட அதில் தவறுகள் மலிந்திருந்தன. அப்பதிப்பின் ஒரே ஒரு பிரதிதான் இன்று அறியப்பட்டுள்ளது. கையெழுத்தில் ஒருவர் செய்யும் பிழை ஒரு பிரதியோடு நிற்கும். அச்சில் நேரும் பிழையோ ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பெருகும். ஆகவே இயந்திரம் வந்த பின் சரி எது, தவறு எது என்று அறிந்தவரின் தேவை குறைவதில்லை, கூடவே செய்கிறது.

இஸ்தன்பூல்: நான்கு ஆலிம்கள்

இந்த உண்மையை முதலில் முறையாகக் கையாண்டவர் இப்ராஹீம் முத்தஃபர்ரிகா. டிரான்சில்வேனியாவில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, உதுமானிய அரசவையில் பணியாற்றியவர். தம் தந்தையின் தூதுக்குழுவோடு பாரீஸ் சென்று அச்சகங்களைக் கண்டுவந்த ஸயீத் எஃபந்தி அவருக்குத் துணை நின்றார். இப்ராஹீம் இயந்திரத்தை முதலில் நிறுவிவிட்டுப் பிறகு அனுமதி கேட்கவில்லை. அச்சின் பயன்களை விளக்கி ஒரு சிற்றேடு எழுதி ஆட்சியாளர்களிடமும் ஆலிம்களிடமும் அளித்தார். நூல்கள் அழியாமல் நிலைக்கும், விலை குறையும், ஏழை மாணவனும் வாங்கலாம் என்ற நியாயங்களை அதில் எடுத்துரைத்தார்.

ஷைகுல் இஸ்லாம் அப்துல்லாஹ் எஃபந்தியிடம் ஃபத்வா கோரப்பட்டது. அவர் அதனை மிக்க பயனுள்ள செயல் என்று அனுமதித்தார். கூடவே, நூல்களைத் திருத்திச் சரிபார்ப்பதற்குக் கல்வியில் தேர்ந்தவர்களை அமர்த்த வேண்டும் என்றும் கூறினார். சுல்தான் மூன்றாம் அஹ்மத் 1727-ல் ஃபர்மான் பிறப்பித்தார். முன்னாள் காழிகள் மூவரும் மௌலவி தரீக்காவின் ஷைகு ஒருவரும் சரிபார்ப்போராக நியமிக்கப்பட்டனர். தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹ், கலாம் நூல்களை அச்சிடாமல் அகராதி, வரலாறு, புவியியல் முதலியவற்றோடு தொடங்குவது என்றும் வரையறுக்கப்பட்டது. எழுத்தர்களின் பிழைப்பில் பெரும்பகுதி இதனால் உடனடியாகப் பறிபோகவில்லை.

1729-ல் முதல் நூல் வெளிவந்தது. இமாம் ஜவ்ஹரி (ரஹ்) அவர்களின் ஸிஹாஹ் என்னும் அரபு அகராதியின் துருக்கி வடிவமான வான்குலி அகராதி அது. அடுத்த ஆண்டே இஸ்தன்பூலில் பெருங்கிளர்ச்சி மூண்டது. தலைமை அமைச்சர் கொல்லப்பட்டார். சுல்தான் அரியணை இழந்தார். ஆயினும் அச்சகம் தப்பியது. புதிய சுல்தானின் ஆட்சியிலும் அதன் பணி தொடர்ந்தது. முன்கூட்டியே கலந்து பேசி, கற்றோரை உள்ளே அழைத்துக்கொண்டதற்கும் இதில் ஒரு பங்கு உண்டென்றே நான் கருதுகிறேன்.

ஆனால் இப்ராஹீமின் முயற்சியில் ஒரு குறையும் இருந்தது. அவர் வாழ்நாளில் வெளியிட்டவை 17 நூல்களே. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 500 முதல் 1000 பிரதிகள். அவர் இறந்தபோது விற்காத பிரதிகள் பல அவருடைய சொத்துப் பட்டியலில் எஞ்சியிருந்தன. அவருக்குப் பின் அந்த அகராதி மறுபதிப்புக் கண்டதோடு அச்சகம் ஓய்ந்தது. 1784-ல்தான் மீண்டும் உயிர் பெற்றது. இயந்திரமும் அனுமதியும் சரிபார்ப்போரும் இருந்தும், வாங்கிப் படிப்போர் போதிய அளவில் உருவாகவில்லை. நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தும் அடுத்த தலைமுறையும் ஆயத்தமாகவில்லை. முழுப் பணியும் ஒரு மனிதரின் தோளில் நின்றது. அவர் சாய்ந்ததும் அதுவும் சாய்ந்தது.

கெய்ரோ: முதலில் மனிதர், பிறகு இயந்திரம்

ஏறத்தாழ நூறாண்டு கழித்து எகிப்தில் வேறு முறை கையாளப்பட்டது. ஆட்சியாளர் முஹம்மது அலீ, கெய்ரோவின் பூலாக் பகுதியில் 1820-ல் அச்சகம் நிறுவினார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1815-ல், நிகூலா மஸாபகீ என்பவரை இத்தாலியின் மிலான் நகருக்கு அனுப்பி அச்சுத்தொழிலைக் கற்றுவரச் செய்திருந்தார். திரும்பி வந்தவரே அச்சகத்தின் பொறுப்பை ஏற்றார்.

அஸ்ஹரில் ஓதியவர்கள் அங்கே 'முஸஹ்ஹிஹ்' என்னும் சரிபார்ப்போராகப் பணியேற்றார்கள். பள்ளிவாசல் தூணருகே அமர்ந்து கிதாபு ஓதியவர்கள், ஈயத்தாலும் மையாலும் சூழப்பட்ட கூடத்தில் அச்சுப் படிகளைத் திருத்தினார்கள். அவர்களுள் புகழ்பெற்றவர் ஷைகு நஸ்ர் அல்ஹூரினி. எகிப்திய மாணவர் குழுவோடு பாரீஸ் சென்றுவந்தவர். அச்சில் அரபுச் சொற்களை எப்படி எழுதவேண்டும் என்ற விதிகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். பழைய கல்வி அவரைப் புதிய பணிக்குத் தகுதியற்றவராக்கவில்லை. அந்தக் கல்வியே அவரைப் புதிய துறையின் ஆசிரியராக உயர்த்தியது.

அந்தப் பூலாக் அச்சகத்தில்தான் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆணைப்படி ஸஹீஹுல் புகாரியின் புகழ்பெற்ற பதிப்பு ஹிஜ்ரி 1311 முதல் 1313 வரை அச்சிடப்பட்டது. இமாம் யூனீனி (ரஹ்) அவர்களின் பிரதியை அடிப்படையாகக் கொண்ட அப்பதிப்பை அஸ்ஹரின் ஆலிம்கள் 16 பேர் சரிபார்த்தார்கள். தொடக்கத்தில் ஹதீஸ் நூல்களை அச்சிடத் தயங்கிய சமுதாயம், பின்னர் தன் தலைசிறந்த ஹதீஸ் நூலை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. அந்த இயந்திரத்தின் அருகே அமர்ந்திருந்தவர்கள் மீது அதற்கு நம்பிக்கை பிறந்திருந்தது.

நம் நாட்டில்: கல்லச்சும் காத்திப்பும்

இந்தியாவில் மாற்றம் இன்னும் மென்மையான வழியில் வந்தது. ஜெர்மானியரான செனஃபெல்டர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்த கல்லச்சு முறையில் தனித்தனி ஈய எழுத்துகள் தேவையில்லை. எழுத்தர் தனி மையால் தாளில் எழுதுவார்; அது கல்லின்மீது மாற்றப்பட்டு அச்சாகும். காத்திப்பின் கையெழுத்து அப்படியே நூற்றுக்கணக்கான பிரதிகளாகும். 19-ஆம் நூற்றாண்டில் லக்னோவிலும் கான்பூரிலும் அரபு, பார்ஸி, உருது நூல்கள் இம்முறையில் பெருகின. நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ் கிதாபுகள் பலவும் இவ்வாறு கல்லச்சில் வந்தவையே. இயந்திரம் வந்தும் எழுதுகோல் கீழே வைக்கப்படவில்லை.

எனினும் முழு உண்மையைச் சொல்லியாக வேண்டும். 1981-ல் லாகூரில் 'ஜங்' நாளிதழ், நூரி நஸ்தாலீக் என்னும் கணினி எழுத்தில் வெளிவரத் தொடங்கியது. மிர்ஸா அஹ்மத் ஜமீல் என்னும் கலைஞர் பல ஆயிரம் எழுத்துக்கூட்டுகளை உருவாக்கித் தந்த எழுத்து அது. எழுத்தரின் கலை கணினிக்குள் குடிபுகுந்தது. ஆனால் இதழ்களை நாளும் கையால் எழுதிவந்த காத்திப்கள் அடுத்த ஆண்டுகளில் ஒவ்வோர் ஊராக வேலை இழந்தார்கள். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927-ல் தொடங்கப்பட்ட 'முசல்மான்' உருது நாளிதழ், மற்றவை கணினிக்கு மாறிய பின்னும் காத்திப்களின் கையெழுத்திலேயே வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தது. அது போற்றத்தக்க விதிவிலக்கு. எல்லாரும் அவ்வாறு நீடிக்க இயலாது. சரிபார்ப்போராக உயர்ந்தவர்கள் சிலர். பிழைப்பை இழந்தவர்கள் பலர். ஒரு நிறுவனம் மாற்றத்தைத் தொடங்கும் முன் அந்தப் பலரையும் பெயர் பெயராக எண்ணிப் பார்ப்பது கடமையாகும்.

நமக்குரிய வழி

கற்றுக்கொள்ளச் சொல்லி அனுப்புவது நபிவழியிலேயே உள்ளது. யூதர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்திற்காக அவர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவர் சில நாள்களிலேயே கற்றுத் தேர்ந்தார். வஹியை எழுதும் நம்பிக்கைக்குரியவராக இருந்தவரிடமே அந்தப் புதிய பொறுப்பும் அளிக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

எழுத்தரின் பணியில் இரண்டு அடங்கியிருந்தன: ஒன்று கையின் உழைப்பு, மற்றொன்று அறிவும் அமானிதமும். இயந்திரம் முதலாவதை எடுத்துக்கொள்ளும். இரண்டாவதைச் சுமந்து புதிய இடத்திற்குக் கொண்டுசேர்க்க மனிதர்தாம் வேண்டும். எங்கள் தஃப்தரையே எடுத்துக்கொள்வோம். ஒரே தெருவில் ஒரே பெயருடைய இருவரில் யார் எந்த வீட்டார், எந்த நிக்காஹில் வலியாக நின்றவர் யார், மஹர் எப்போது நிறைவேறியது, ஓரத்தில் சிவப்பு மையால் இட்ட குறிக்கு என்ன பொருள் என்பதெல்லாம் அந்தப் பெரியவருக்கே தெரியும். ஓர் இளைஞர் விரைவாகத் தட்டச்சு செய்துவிடலாம். பெயர் மாறிப்போனால் அதன் விளைவு ஒரு பெண்ணின் உரிமையிலோ ஒரு குழந்தையின் வாரிசுரிமையிலோ போய் முடியும்.

ஆகவே ஜமாஅத்தானாலும், மதரஸாவானாலும், கடையானாலும், மாற்றத்திற்கு முன் மஷூரா செய்யுங்கள். அந்த வேலையைச் செய்கிறவரையும் அதில் அமர்த்துங்கள். இயந்திரம் வாங்கும் தொகையில் ஒரு பகுதியைக் கற்பிப்பதற்கு ஒதுக்குங்கள். கற்கும் நாள்களுக்கும் ஊதியம் கொடுங்கள். சிறியதில் தொடங்கிப் பிழை களைந்த பின் பெரியதற்குச் செல்லுங்கள். ஒருவரை மட்டும் நம்பியிராமல் அடுத்தவரையும் பழக்குங்கள். எவ்வழியிலும் இடம் தர இயலாதவருக்கு அவருடைய உழைப்பின் உரிமையைக் கண்ணியத்தோடு கொடுத்து அனுப்புங்கள். பணியாளர்களும், "இத்தனை காலம் எழுதியவன்; இனி யாரிடம் கற்பது?" என்று ஒதுங்கிவிடலாகாது. அஸ்ஹரின் ஷைகுமார் அச்சுக்கூடத்தின் மையில் கை நனைக்கத் தயங்கவில்லை.

இவ்வளவும் அறிந்திருந்தும் அன்றிரவு நான் பேசவில்லை. மறுவாரம் நிர்வாகிகளைச் சந்தித்து, தஃப்தர் கணினிக்கு மாறும்போது ஒவ்வொரு பதிவையும் அந்தப் பெரியவர் கேட்டுச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்றும், அதற்கு அவருக்கு ஊதியம் தொடர வேண்டும் என்றும் வேண்டினேன். ஏற்றுக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். சாவியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டிற்குச் சென்றேன். அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. "ஹஜ்ரத், இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து ஃபஜ்ருக்குப் பின் அவரே அலுவலகத்திற்கு வந்தார். இப்போது இளைஞர் வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டுத் திருத்துகிறார்.

தாமதமாகச் செய்த நற்செயலை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! நம் பொறுப்பில் உள்ளவர்களின் உரிமைகளை உரிய நேரத்தில் நிறைவேற்றும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.